கிசோ மலையின் ஐந்து மரங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் தோக்குகாவா ஆட்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்தக் காலத்திலேயே மரம் வெட்டத் தடை போட்டுக் காட்டைக் காத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நெல் விளையாத மலையூர்க்காரர்கள் அப்போது எதைச் சாப்பிட்டார்கள்? அந்தத் தடையால் அவர்களுக்கு என்ன லாபம்?

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

லாபம் பெரும்பாலும் ஊருக்கு இல்லை, பிரபுவுக்குத்தான். நடு ஜப்பானின் மலைகளுக்கு இடையே உள்ள கிசோ பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். 1615 முதல் அது நகோயாவில் இருந்த ஓவாரி பிரபுக்களின் கையில் இருந்தது. கோட்டை, கோயில், நகரம் என்று கட்டிக் கட்டியே கட்டடத்துக்கு உகந்த ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரங்கள் அருகிப்போயின. எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) வேறு 1657இல் எரிந்தது; அதைத் திரும்பக் கட்டவும் மரம் வேண்டும். 1665இல் ஓவாரி நிர்வாகம் முக்கியமான மலைகளுக்குள் ஊர்க்காரர்கள் போகவே தடை போட்டது. 1708இல் ஊர்க்காரர்கள் புழங்கிவந்த மலைகளிலும் ஹினோகி, சவாரா, அசுனாரோ, கோயாமாகி மரங்களை வெட்டக்கூடாது என்றது. நெசுகோ பின்னால் சேர்ந்தது. சவாராவும் அசுனாரோவும் பார்க்க ஹினோகி மாதிரியே இருக்கும். வெட்டிவிட்டு "இது சவாரா ஐயா" என்று யாரும் தப்பிக்கக் கூடாதல்லவா! "ஒரு மரத்துக்கு ஒரு தலை" என்ற பேச்சு அங்கே இன்றும் உண்டு. காடு பிழைத்தது உண்மைதான். ஆனால் அதை இயற்கை நேசம் என்று மெச்ச எனக்கு மனம் வரவில்லை. கஜானாவுக்கு மரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஊர்களுக்கு விட்டது ஆண்டுக்கு 6,000 குதிரைச் சுமை மரம். அதை வைத்துப் பெட்டியும் பாத்திரமும் செய்தார்கள். யாபுஹாரா ஊர்க்காரர்கள் தடைப் பட்டியலில் இல்லாத மினேபாரி மரத்தில் சீப்பு அறுத்தார்கள். இரும்பு போல இறுகிய மரம், அதனால் பல் நெருக்கமாக இழைக்க முடியும். கிசோ வழியாக எடோவையும் கியோத்தோவையும் இணைத்த நாகாசெண்டோ சாலையில் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சரி, சாப்பாடு. பொதுவாக ஜப்பானிய மலையூர்களில் சரிவை எரித்துப் பயிரிட்டு, சில ஆண்டுகளில் மண் சளைத்ததும் காடாக விட்டுவிடுவார்கள். விதைத்தது நமக்குத் தெரிந்த குதிரைவாலியும் தினையும்தான். அப்புறம் தோச்சி மரத்தின் கொட்டை. அப்படியே வாயில் வைக்க முடியாத கசப்பு. காயவைத்து, நாள்கணக்கில் ஊறவைத்து, சாம்பல் கரைத்த நீரில் கசப்பை எடுத்தபிறகுதான் மாவாகும். பஞ்சத்தில் உயிரைக் காத்தது அதுதான்.

அதற்காக இவர்களை நெல் கிடைக்காத பரிதாப உழவர்களாக நினைக்காதீர்கள். கொகாயாமா என்ற இன்னொரு மலைப்பகுதியில் வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் குழி வெட்டி, மண், காட்டுச் செடிகளின் தழை, பட்டுப்புழு எச்சம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுவார்கள். நாலைந்து வருடம் மக்கியபின் அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு. துப்பாக்கி மருந்துக்காக அதை வாங்கியது அந்தப் பகுதியை ஆண்ட காகா பிரபுக்களின் அரசு. மேலே, கூரைக்கடியில் பட்டுப்புழு. கீழே, தரைக்கடியில் வெடியுப்பு. ஒரு வீட்டுக்குள் இத்தனை தொழில் நடந்த ஊரை "பின்தங்கிய ஊர்" என்று நான் எழுதமாட்டேன்.

1868இல் தோக்குகாவா ஆட்சி போய், பேரரசரின் பெயரில் மெய்ஜி ஆட்சி வந்தபின் கிசோவில் நிலைமை இன்னும் மோசமானது. ஊர்க்காரர்கள் புழங்கிய மலைகளையும் பெரும்பாலும் அரசு தன்னுடையதாக்கிக்கொண்டது. விறகுக்கும் புல்லுக்குமாவது வழிவிடச் சொல்லி மனுமேல் மனு போட்டார்கள். பலனில்லை, 1889இல் அந்தக் காடு பேரரசரின் சொத்தாகிவிட்டது.