சுண்ணாம்பு படிந்த ரத்தக்குழாயும் குளோபிடோக்ரெலும்

ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதால்தான் அப்பாவுக்குக் குளோபிடோக்ரெல் (ரத்தம் உறைந்து அடைக்காமல் தடுக்கும் மாத்திரை) பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். சுண்ணாம்பு அந்த மாத்திரையைத் தடுக்காது. ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு பி.ஆர்.யூ. 241 வந்ததற்கு (ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்று காட்டும் சோதனை அளவு இது; 208-க்கு மேல் போனால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று கணக்கு) முதலில் சந்தேகப்பட வேண்டியது, நீங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலில் கடைசியாக இருக்கும் ஒமெப்ரசோல் என்ற வயிற்று அமில மாத்திரை. குளோபிடோக்ரெல் கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதியால் மாறிய பிறகுதான் வேலை செய்யும். ஒமெப்ரசோல் அந்த நொதியையே அமுக்கிவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை. அதே வகையைச் சேர்ந்த பான்டோப்ரசோலுக்கு மாற்றலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

அதற்கு முன், வேளை தவறியிருக்கிறதா என்று குளோபிடோக்ரெல் அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். பலருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால், மாற்றிய பத்து நாள் கழித்து மறுபடி சோதிக்கலாம். அப்போதும் குறையாவிட்டால் பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக இருக்கலாம். தெற்காசியர்களிடம் இது சகஜம். மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சுண்ணாம்பையும் கூட்டும், தட்டணுக்களையும் முறுக்கேற்றும். சுண்ணாம்பும் மருந்து பிடிக்காததும் சேர்ந்தே தெரிவது அதனால்தான்.

குளோபிடோக்ரெலுக்கு மாற்றான டிக்காக்ரிலார், பிராசுக்ரெல் இரண்டும் இந்த நொதியை நம்பியில்லை. ஆனால் ரத்தக்கசிவு கூடும். பக்கவாதம் வந்தவருக்குப் பிராசுக்ரெல் கூடாது. எதுவானாலும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.