வீட்டில் யாரும் அணியாத கண்ணாடி பிள்ளைக்கு ஏன் வந்தது?

கேள்வி: நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் படிக்கும் தனியார் பள்ளியில் நடந்த கண் முகாமில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1.75 என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் இரு குடும்பத்திலும் யாரும் கண்ணாடி அணிந்ததில்லை. என் மாமனார் 68 வயதிலும் கண்ணாடி இல்லாமல்தான் நாளிதழ் படிக்கிறார். முகாம் நடத்திய கடையில் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று 5,200 ரூபாய் சொல்கிறார்கள். சிறு வயதிலேயே போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். 2050-இல் உலகில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும் என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்வது? (ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் மகனுக்குக் கண்ணாடி தேவைப்படலாம், தேவையென்றால் தயங்காமல் போட்டுவிட வேண்டும். ஆனால், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தக் கடையில் எதையும் வாங்காதீர்கள். மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை, அதாவது தொலைவில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறை. சொட்டு மருந்து விட்டு முறையாகப் பரிசோதிக்கும் வரை அந்த 1.75 என்பது ஒரு சந்தேகம் மட்டுமே.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எண்ணைப் பார்த்துவிடுவோம். பிரையன் ஹோல்டன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு 2016-இல் வெளியிட்ட கணக்கு அது. பல நாடுகளில் நடந்த 145 ஆய்வுகளைத் திரட்டி, 2000-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 140 கோடிப் பேருக்கு இருந்த கிட்டப்பார்வை 2050-இல் 480 கோடிப் பேருக்கு, அதாவது ஏறக்குறைய பாதி மக்களுக்கு இருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை அறிக்கையோ, கிட்டப்பார்வை உள்ளவர்களை 260 கோடி என்றும், நாற்பதைத் தாண்டியபின் வரும் வெள்ளெழுத்து உள்ளவர்களை 180 கோடி என்றும் மதிப்பிட்டது. இந்தக் கோடிகளைப் படித்து மிரள்பவர்கள் கவனிக்கத் தவறுவது, மைனஸ் 0.50 இருந்தாலே ஒருவர் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார் என்பதை. இவர்களில் பெரும்பாலோர் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லா வேலையையும் செய்துகொண்டு வாழ்பவர்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்தப் பாதிப் பேரைப் பற்றியன்று. அதே கணக்கில் பவர் மிக அதிகமாகி, விழித்திரை நலிவுக்கும் கண் நீர் அழுத்த நோய்க்கும் ஆளாகக்கூடியவர்கள் என்று சொல்லப்பட்ட சுமார் 94 கோடிப் பேரைப் பற்றியே. கிட்டப்பார்வை எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு அது ஏறுவதற்கு ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன என்பதால்தான் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கண் மருத்துவர்களான நாங்கள் கூர்ந்து கவனிக்கிறோம்.

உலகம் முழுவதும் இது ஒரே அளவில் பரவியிருக்கவுமில்லை. சியோல் நகரில் 2010-இல் இராணுவச் சேர்ப்புக்கு வந்த 19 வயது இளைஞர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு 96 பேருக்கு மேல் கிட்டப்பார்வை இருந்தது. நம் நாட்டின் நகர்ப்புறங்களில், 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடையே 1999-இல் 4.4 விழுக்காடாக இருந்தது 2019-இல் 21 விழுக்காட்டை எட்டியிருக்கும் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. இருபது ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறிவிடுவதில்லை. பிள்ளைகள் வளரும் விதம் மாறியிருக்கிறது.

இதற்கு நான் வழக்கமாகக் காட்டும் சான்று, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-இல் வெளிவந்த ஆய்வு. இரண்டு ஊர்களிலும் பெற்றோரில் கண்ணாடி அணிந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைகளில் சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்கு இருந்த கிட்டப்பார்வை சிட்னியில் மூன்று பேருக்குத்தான் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வாரத்துக்குக் கூடுதலான புத்தகங்களையே படித்தார்கள். அவர்கள் வாரத்தில் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ மூன்று மணி நேரம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கவைத்து, கண்விழி நீளமாக வளர்ந்துவிடாமல் தடுக்கிறது என்பதே இதற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கூறும் விளக்கம். விழி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை, மூன்று பவர் ஏறிவிடும். சீனாவின் குவாங்ஜோவில் பள்ளி நேரத்தில் நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் விட்ட பிள்ளைகளில் மூன்றாண்டு முடிவில் 30 விழுக்காட்டினருக்கும், விடாதவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. தைவான் 2010 முதல் இதையே நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று நாட்டின் திட்டமாகவே ஆக்கிவிட்டது. இங்கோ விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பெற்றோர்களும் அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் கண்ணாடி அணியவில்லை என்பதும் யாருக்கும் குறை இல்லை என்பதும் ஒன்றல்ல. 68 வயதில் வெள்ளெழுத்து வந்துவிடுவதால், இயல்பான கண் உள்ளவரால் கண்ணாடி இல்லாமல் நாளிதழ் எழுத்தைப் படிக்க முடியாது. உங்கள் மாமனாரால் முடிகிறது என்றால் அவருக்கு ஒரு கண்ணிலாவது இரண்டு, இரண்டரை அளவுக்குக் கிட்டப்பார்வை வாழ்நாள் முழுவதும் இருந்திருக்கலாம்; அல்லது கண்புரை முற்றத் தொடங்கி அதனால் அண்மையில் கிட்டப்பார்வை வந்திருக்கலாம். பேரனை அழைத்துப்போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இனி, அந்தக் கம்ப்யூட்டர் சோதனைக்கு வருகிறேன். தாடையை வைத்து உள்ளே பார்க்கும்போது, நேராக ஓடும் ஒரு சாலையின் முடிவில் வண்ண பலூன் ஒன்று தெரியுமே, அதேதான். பலூன் தொலைவில் இருப்பதுபோல் வரைந்திருந்தாலும் அது கருவிக்குள், முகத்துக்கு அருகில் இருக்கிறது என்று பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். சிறுவர்களின் கண்ணுக்குள் இருக்கும் தசை மிகவும் வலுவானது. அது இறுகி, அருகில் பார்ப்பதற்கான நிலைக்குக் கண்ணைக் கொண்டுபோய்விடும். உடனே கருவி இல்லாத மைனஸைக் காட்டும், அல்லது இருக்கும் மைனஸைக் கூட்டிக் காட்டும். 0.50 தேவைப்படும் பிள்ளைக்கு 1.75 எழுதித் தந்த சீட்டுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். தசையைத் தளரவைக்கும் சொட்டு மருந்தை விட்டு, முக்கால் மணி நேரம், சில மருந்துகளுக்கு அதற்கும் மேல், காத்திருந்து பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். முகாமில் ஒரு காலைப் பொழுதில் முந்நூறு பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டியவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடையாது. கிடைத்தாலும் அவர்கள் வந்திருப்பது அதற்காக அல்ல. பள்ளியில் முகாமை இலவசமாக நடத்தும் கடைக்குச் செலவைத் திருப்பித் தருவது உங்களைப் போன்றவர்கள் வாங்கும் ஃபிரேம்தான். சில இடங்களில் பள்ளிக்கும் அதில் பங்கு போகிறது. கண் பரிசோதகர் பணியையும் உள்ளடக்கி 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனாலும் கடையில் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்பவர் என்ன படித்திருக்கிறார் என்று யாரும் இன்றுவரை கேட்பதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது அரசின் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் ஏதோ ஒரு வகையில் வந்து சேர்கின்றன. தனியார் பள்ளிகளை மொத்தமாகக் கடைகளிடம் விட்டுவிட்டார்கள்.

நீல ஒளித் தடுப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 2023-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, அது கண் களைப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. கிட்டப்பார்வையை அது தடுக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை. வெயிலில் இருக்கும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் கைப்பேசித் திரையில் வருவது மிகச் சொற்பம். பிள்ளைக்குத் தேவை எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியும், மூக்கிலிருந்து வழுக்காத ஃபிரேமும் மட்டுமே.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் அதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மலேசியாவில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், முழுப் பவர் கொடுத்த பிள்ளைகளைவிட, வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே இரண்டாண்டுகளில் அதிகம் ஏறியிருந்தது. ஆகவே "கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் டாக்டர்" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். கண் பயிற்சியால் கண்ணாடியைக் கழற்ற வைப்பதாகப் பணம் வாங்குபவர்களுக்கு ஒரு வரி போதும்: நீண்டுவிட்ட விழியை எந்தப் பயிற்சியும் குறுக்காது.

ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகனின் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு என்று சீட்டு சொல்கிறது. சொட்டு மருந்துக்குப் பிறகு இரண்டு அளவுகளும் வெகுவாக வேறுபட்டால் காத்திருக்கவே கூடாது. ஒரு கண் நன்றாகத் தெரிகிற பிள்ளை இன்னொரு கண் மங்கலாக இருப்பதை ஒருபோதும் சொல்லாது, ஏனென்றால் அதற்கே தெரியாது. நன்றாகத் தெரியும் கண்ணின் படத்தை மட்டும் மூளை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். குறிப்பாக, ஒரு கண்ணில் மட்டும் பிளஸ் பவரோ (கிட்டப்பார்வைக்கு நேர் எதிரான குறை) சிலிண்டர் பவரோ (கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் குறை) அதிகமாக உள்ள பிள்ளைகள், இரு கண்ணையும் திறந்துகொண்டு எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். ஒரு கண்ணை மூடும்போது விரலிடுக்கால் எட்டிப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அதனால் விரலை நம்பாமல், வீட்டிலேயே ஒரு கண்ணை மெத்தென்ற துணியால் முழுவதும் மறைத்து, மறு கண்ணால் எதிர்ச்சுவர் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். தடுமாற்றம் தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் எளிதாகச் சரியாகும் இந்தக் குறை, ஒன்பதில் முயன்றாலும் பலன் தரும். பதினைந்தில் கண்டுபிடித்தால் அந்தப் பலன் பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும்.

சோதனையில் கிட்டப்பார்வை உறுதியானால் முழு அளவுக் கண்ணாடியைப் போட்டு, நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாட அனுப்பி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து வாருங்கள். பவர் வேகமாக ஏறுவது தெரிந்தால், அந்த வேகத்தைக் குறைக்க, சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் விரிவாக ஆராயப்பட்ட மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கடைக்காரர் அல்ல.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவிலோ, குழந்தைகள் கண் மருத்துவர் உள்ள மருத்துவமனையிலோ இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். முடிந்ததும் இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தையும் சேர்த்துச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் எந்தக் கடையிலும் கண்ணாடி செய்துகொள்ளலாம். சொட்டு மருந்து விட்டபின் ஓரிரு நாள் கண் கூசும், அருகில் வைத்துப் படிக்க முடியாது என்பதால், தேர்வுக்கு முந்தைய நாளைத் தவிர்த்து வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்துப் போங்கள்.