கோவை, ஈரோடு பக்கம் கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வலராகப் போனால் என்ன வேலை இருக்கும்?

கேள்வி: "ஈரோட்டில் வேலை. வாரத்தில் ஒரு மாலை மட்டும் ஓய்வு. பக்கத்தில் உள்ள கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்துக்கு உதவப் போகலாமா? அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? நான் கிறிஸ்தவர் இல்லை, அது தடையா?"

தடையில்லைங்க. ஒரு மாலை போதும். ஆனால் அதே கிழமை, அதே நேரம், ஜூனில் தொடங்கினால் ஏப்ரல் வரை. மாதம் ஒருமுறை முழுநாள் வருபவரைவிட, செவ்வாய்தோறும் ஆறரைக்கு வந்து எட்டரைக்குக் கிளம்புபவர் குழந்தைகளுக்கு நாலு மடங்கு பயன்படுவார். பெரியவர்கள் வருவதும் காணாமல் போவதும் அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே பார்த்துச் சலித்த விஷயம்.

போகும் முன் ஒன்றைப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41-இன்படி, யார் நடத்தும் இல்லமானாலும் பதிவு கட்டாயம். அங்கே தங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவு இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். இல்லமும் உங்களிடம் ஆதார் நகல், போலீஸ் வெரிஃபிகேஷன், நடத்தை விதிகளில் கையெழுத்து எல்லாம் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படாதீர்கள். எதுவும் கேட்காமல் நேராகக் குழந்தைகளின் அறைக்கு அழைத்துப் போகும் இல்லத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

"அநாதை இல்லம்" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருப்பார்கள். மில் வேலை, நோய், குடி, கடன் என்று காரணம் பல. "அம்மா எங்க கண்ணு?" என்ற கேள்வி அன்பாகவே வரும்; ஆனாலும் கேட்கக் கூடாது. குழந்தை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

40 குழந்தைகள் உள்ள இல்லத்தில் ஒரு பள்ளி நாள் ஏறக்குறைய இப்படிப் போகும். ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். முகம் கழுவி ஐந்தரைக்குக் காலை ஜெபம்: ஒரு கீர்த்தனை, வேதத்தில் (பைபிளில்) ஒரு பகுதி, ஜெபம். பிறகு படிப்பு, குளியல், தலைவாருதல். ஏழரைக்குச் சாப்பாடு, எட்டேகாலுக்குப் பள்ளி. நாலரைக்குத் திரும்பியதும் சுண்டல், விளையாட்டு, துணி மடிப்பு. ஆறரைக்கு மாலை ஜெபம். ஏழு முதல் எட்டரை வரை படிப்பு, சாப்பாடு, ஒன்பதரைக்கு விளக்கு அணையும். ஜெப நேரத்தில் நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். அங்குள்ள பிள்ளைகளிலும் பலர் இந்துக் குடும்பத்தினர். பார்க்க வந்த பாட்டி நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போயிருந்தால் அதைப் பற்றி நீங்களும் பேச வேண்டாம், அடுத்தவர்களைப் பேசவும் விட வேண்டாம்.

சமையலறைக்கு ஆள் எப்போதும் வேண்டும். சமையல் அக்காவிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் குழாய் நல்ல தண்ணி, எது உப்புத் தண்ணி என்று. நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினம். அதில் பருப்பைப் போட்டால் ஒரு மணி நேரம் கொதித்தாலும் கரையாது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. புதிதாக வருபவர் அண்டாவைத் தவறான குழாயில் நிரப்பியதால் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல் தள்ளிப்போவது பல இல்லங்களில் நடப்பதுதான். நல்ல தண்ணிக் குழாய்க்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டால் தீர்ந்தது.

அளவுகள்: இரவுக்குத் தலைக்கு 110 கிராம் என்று 40 பேருக்கு நாலரைக் கிலோ அரிசி. அரிசிம்பருப்பு சாதம் என்றால் மூன்றரைக் கிலோ அரிசி, 900 கிராம் துவரம்பருப்பு, படிக்கு மூன்று படி தண்ணீர். சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக. மாலைச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஒரு கிலோ, முந்தின இரவே ஊற வேண்டும். இட்லிக்குக் கணக்கு நாளுக்கு நாள் மாறும். அரசு தொடக்கப்பள்ளியில் 1 முதல் 5 வரை படிப்பவர்களுக்குக் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பாடு உண்டு (2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது). அப்படி 14 பேர் இருந்தால் திங்கட்கிழமைக்கு 26 பேர், 104 இட்லி. சனிக்கிழமை 40 பேரும் இல்லத்தில், 160 இட்லி. அதற்கு மூன்று கிலோ இட்லி அரிசி, முக்கால் கிலோ உளுந்து. இதை மறந்து வார நாள் அளவுக்கே மாவு ஆட்டுவதால்தான் சனிக்கிழமை காலையில் மாவு பற்றாமல் போகிறது.

வெளிச் சாப்பாடு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் மிஞ்சியதை இரவு பத்து மணிக்குக் கொண்டு வருவார்கள். மதியம் வடித்த சோறு மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக எட்டு மணி நேரம் இருந்திருக்கும். அதில் பெருகும் கிருமி விட்ட நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. 2022 அக்டோபரில் திருப்பூர் பக்கம் ஓர் இல்லத்தில், உணவு நஞ்சானதாகச் சொல்லப்பட்டு, 3 சிறுவர்கள் உயிரிழந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஆசையிருந்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டையாகக் கொடுத்து இல்லத்திலேயே சமைக்கச் சொல்லுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கேட்பதாக இருந்தால் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது.

அடுத்தது பேனும் சொறி சிரங்கும். யாருக்கும் பிடிக்காத இந்த வேலைக்கு வருபவரை வார்டன் அம்மா மறக்கவே மாட்டார். இரண்டும் திரும்பத் திரும்ப வரக் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொருவராக மருந்து போடுவது. டாக்டர் எழுதிக் கொடுத்த பெர்மெத்ரின் க்ரீமை (சிரங்குக்கு 5 சதவீதம்) ஒரே இரவில், அரிப்பு இல்லாதவர்கள் உட்பட அந்த அறையில் தூங்கும் எல்லோருக்கும், கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு விடாமல் பூச வேண்டும். காலையில் குளியல். அன்றே போர்வை, துண்டு, உடுப்பு எல்லாம் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காய வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடியும் பூச வேண்டும். பேனுக்கு 1 சதவீத லோஷன், பத்து நிமிடம், பிறகு ஈரத் தலையில் பேன் சீப்பு. ஈர் பொரிந்து வருவதால் ஏழு முதல் பத்து நாளில் இரண்டாம் முறை அவசியம். அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முடியை வெட்டிவிடலாம் என்று யோசனை சொல்லாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு அது தண்டனை.

தண்ணீர் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது.

உங்களுக்கு ஏற்றது மாலைப் படிப்பு என்று நினைக்கிறேன். நாலு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் நாள் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் தடுக்கினால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளையானாலும். அதைத் தனியாக உட்கார்ந்து செய்யுங்கள், அடுத்தவர் காதில் விழக் கூடாது. வருட நடுவில் பள்ளி மாறியதால் சில பாடங்கள் முழுதாக விட்டுப்போயிருக்கும்: ல-ள-ழ, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். 15 நிமிடம் வாய்விட்டு வாசிப்பு, 20 நிமிடம் கணக்கு, மீதி வீட்டுப்பாடம். வீட்டுப்பாடத்தை நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வைத்தால் நோட்டு நிறையும், பிள்ளைக்கு எதுவும் ஏறாது.

துணி கொடுப்பவர்கள் வார்டனிடம் சைஸ் பட்டியல் வாங்குங்கள். திருப்பூர் செகண்ட்ஸ் பனியன் மூட்டையாக வரும், எல்லாம் ஒரே அளவில். உள்ளாடை புதிதாகவே வேண்டும். தைக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு உடுப்பிலும் பிள்ளையின் நம்பரை நூலால் தைத்துக் கொடுத்தால் பெரிய உதவி. மார்க்கர் எழுத்து பத்துத் துவைப்பில் போய்விடும், பிறகு தினம் சண்டை.

போட்டோ வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஸ்டேட்டஸில் வைப்பதும் வெளியிடுவதுதான். மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சாக்லேட் வேண்டாம். "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அந்தக் குழந்தை அன்றிரவே பை கட்டி வைத்துவிடும். தனக்கு நடந்த கொடுமையை ஒரு பிள்ளை சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல், துருவிக் கேட்காமல், அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். இல்லத்து ஆட்கள் மீதே புகார் என்றால் 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது போலீஸ். பாலியல் கொடுமை என்றால், போக்சோ சட்டப்படி பொறுப்பாளரிடம் சொன்னதோடு விடக் கூடாது. போலீஸுக்குத் தகவல் போவது கட்டாயம்.

டிசம்பரில் ஆள் நிறைய வருவார்கள். கேக்கும் புதுத் துணியும் குவியும். அப்போது உங்கள் செவ்வாய்க்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள், கூட்டத்தில் படிப்பு நின்றுபோகும். ஜூனில் ஷூ, பை, நோட்டுக்குத் திண்டாட்டம். மே மாதம்தான் மிகக் கடினம். சொந்தக்காரர் உள்ள பிள்ளைகள் ஊருக்குப் போய்விட, கூப்பிட ஆளில்லாத ஐந்தாறு பேர் மட்டும் காலி டார்மிட்டரியில் இருப்பார்கள். யார் தங்குகிறார்கள் என்று ஏப்ரலிலேயே வார்டனைக் கேட்டு, அந்த மாதம் முடிந்தால் இரண்டு நாள் வாருங்கள். கேரம் போர்டும் கதைப் புத்தகமும் போதும்.

வர முடியாத வாரம் முந்தின நாளே போன் செய்யுங்கள். வேலை மாற்றலாகி நிறுத்த வேண்டியிருந்தால் இரண்டு வாரம் முன்பே அந்த நாலு பேரிடமும் நீங்களே சொல்லுங்கள். எந்தச் செவ்வாய் கடைசி என்று அவர்கள் நோட்டிலேயே தேதி எழுதிக் காட்டுங்கள்.