கவுன்டில ஒருத்தர் மேல கேஸ் இருக்கான்னு யார் வேணா போய்ப் பாக்கலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல ஒரு சின்ன கிராமத்து கவுன்டில (கவுன்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு ஆள் அரெஸ்ட் ஆனாரா, கேஸ் இருக்கான்னு வெளியாள் பாக்க முடியுமா?

முடியும். நான் மேற்கு டெக்சாஸ்ல இருக்கேன், இங்க நடக்குறத மட்டும் சொல்றேன், மத்த ஸ்டேட்ல சட்டம் வேற.

மூணு வருஷம் முன்னாடி என்னோட சின்ன வீட்ட வாடகைக்கு விடறப்ப ஒருத்தர் கேட்டு வந்தாரு. நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு சைட்ல காசு கட்டி அவர் பேர போட்டேன், திருட்டு கேஸ்ல அரெஸ்ட்னு போட்டோவோட வந்துச்சு. அவ்ளோதான், கேஸ் என்னாச்சுன்னு ஒரு வரி இல்ல. (இந்தத் தகவல வாடகைக்கோ வேலைக்கோ ஆள் எடுக்க பயன்படுத்தாதன்னு அதே சைட்ல கீழ பொடி எழுத்துல போட்ருந்தான், நான் அப்புறம்தான் பாத்தேன்.)

விஷயம் என்னன்னா அரெஸ்ட் விவரம் ஷெரிஃப் (கவுன்டி போலீஸ் தலைவர்) ஆபீஸ்ல இருக்கும், கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கிறது கோர்ட் கிளார்க் கிட்ட இருக்கும், இந்த சைட்டுக்காரனுங்க முதல்ல உள்ளத அள்ளிட்டு ரெண்டாவத விட்டுடுவானுங்க. யார அரெஸ்ட் பண்ணாங்க, என்ன குற்றம்ங்கிற அடிப்படை விவரத்த ஷெரிஃப் மறைக்க முடியாது, பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட்ல (நம்ம ஊர் தகவல் அறியும் சட்டம் மாதிரி) எழுதிக் கேட்டா குடுக்கணும், உனக்கு எதுக்குன்னு கேக்கவும் கூடாது. கோர்ட் ரெக்கார்டு அந்த ஆக்ட்லயே வராது, ஆனா கிளார்க் கிட்ட போய்ப் பாக்கலாம். பெரிய கேஸ்னா டிஸ்ட்ரிக்ட் கிளார்க், சின்ன கேஸ்னா கவுன்டி கிளார்க். மக்கள்தொகை 8,000க்குக் கம்மியா இருந்தா ஒரே ஆளே ரெண்டு வேலையும் பாக்கலாம். அவ்ளோ சின்ன கவுன்டியெல்லாம் இங்க உண்டு, 2020 சென்சஸ்ல லவிங் கவுன்டில மொத்தமே 64 பேர்னா பாத்துக்கோங்க.

போலீஸ் துறையோட ஸ்டேட் லெவல் சைட்டும் ஒண்ணு இருக்கு, டிபிஎஸ்னு சொல்வாங்க, அதுல கவுன்டிலேந்து போய்ச் சேந்ததுதான் இருக்கும்.

நான் நேரா கோர்ட்ஹவுஸ் போனேன். கிளார்க் அம்மா கம்ப்யூட்டர்ல பாத்தாங்க, பழசெல்லாம் ஏத்தலன்னு உள்ள கூட்டிட்டுப் போய் ரோலர் வச்ச இரும்பு ஷெல்ஃப்லேந்து ஒரு தடி இன்டெக்ஸ் புக்க இழுத்துப் போட்டாங்க, தூக்கவே முடியல. பேர், கேஸ் நம்பர், அத வச்சு ஃபைல். பிறந்த தேதியும் கையில வச்சுக்கோங்க, இல்லன்னா அதே பேர்ல இன்னொருத்தன் பண்ணது இவர் தலையில விழும்.

ஃபைல்ல கடைசி பேப்பர்: கேஸ் டிஸ்மிஸ்ட். ஜட்ஜ் கையெழுத்தோட.

இந்த மாதிரி கேஸ சட்டப்படி சுத்தமா அழிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கு, எக்ஸ்பங்ஷன்னு பேரு, ஆனா அது தானா நடக்காது, கேஸ் இருந்தவர்தான் கோர்ட்ல கேக்கணும், வக்கீல் வச்சா செலவு வேற. கோர்ட் வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னு சீல் பண்ண கேஸும், சின்னப் பசங்க கேஸும் நமக்குக் காட்ட மாட்டாங்க.

பக்கத்துக்கு 1 டாலர் குடுத்து அந்தப் பேப்பர் காப்பி எடுத்துட்டு வந்து அவர் கிட்ட காட்டி, சந்தேகப்பட்டுட்டேங்க மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவர் அதையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு, கேஸ் போயிடுச்சுன்னு வக்கீல் போன்ல சொன்னதோட சரியாம், பேப்பர இப்பதான் பாக்குறாராம். இத நான் வச்சுக்கலாமான்னு கேட்டாரு.