ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டை மூன்று வாரமாக யாரும் பார்க்கவில்லை. என்ன செய்வது?

புல் ரிக்வெஸ்ட் என்பது உங்கள் நிரல் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை. அதற்கு மூன்று வாரக் காத்திருப்பு பல திட்டங்களில் சாதாரணம். ஆனால் மெயின்டெய்னருக்கு (திட்டத்தைப் பராமரிப்பவருக்கு) நினைவூட்டும் முன், அடுத்து செய்ய வேண்டிய வேலை அவருடையதா உங்களுடையதா என்று பாருங்கள். "யாருமே பார்க்கவில்லை" என்று தோன்றும் ரிக்வெஸ்ட்டுகளில் பல, அனுப்பியவரின் பக்கமே சிக்கிக் கிடப்பவை.

நிரல் திட்டங்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு திட்டத்துக்கு முதன்முறை பங்களிப்பவரின் ரிக்வெஸ்ட்டுக்குத் தானியங்கிச் சோதனைகள் உடனே ஓடுவதில்லை. மெயின்டெய்னர் அனுமதித்தால்தான் ஓடும். இலவச சர்வர்களில் கிரிப்டோ மைனிங் செய்தவர்களால் 2021-ல் வந்த கட்டுப்பாடு இது. பச்சைக் குறி இல்லாத ரிக்வெஸ்ட்டை நேரமில்லாத ரிவ்யூவர் (மாற்றத்தைப் படித்துச் சரிபார்ப்பவர்) தாண்டிப் போய்விடுவார். எனவே "ரிவ்யூ செய்யுங்கள்" என்பதைவிட "சோதனைகளை ஓட அனுமதிக்க முடியுமா?" என்று கேளுங்கள், சின்ன வேலை என்பதால் சீக்கிரம் நடக்கும். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா, கமிட்டில் (பதிவுசெய்த மாற்றத்தில்) இதை அனுப்ப உரிமை உண்டு என உறுதிசொல்லும் சைன்-ஆஃப் வரி இருக்கிறதா, திட்டத்தின் முதன்மைக் கிளையான மெயின் பிராஞ்ச்சோடு மோதல் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிராஃப்ட் நிலையிலேயே விட்டிருந்தால், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் உள்ளவர்களுக்கு ரிவ்யூ கோரிக்கையே போயிருக்காது.

இதெல்லாம் சரி என்றால், அடுத்து அளவு. எழுதுவதைவிடப் படித்துப் பொறுப்பேற்பது கடினம். மெர்ஜ் ஆனபின் (திட்டத்தில் சேர்ந்தபின்) அந்த நிரலைச் சுமக்கப்போவது மெயின்டெய்னர்தான். குபெர்னெட்டீஸ் என்ற பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அளவு லேபிள் ஒட்டுகிறது: 10 வரிக்குக் கீழே என்றால் எக்ஸ்எஸ், 1000 வரியைத் தொட்டால் எக்ஸ்எக்ஸ்எல். பெரியதைக் காலியாக ஒரு மணி நேரம் கிடைத்தால்தான் திறக்க முடியும். சிறியதை இரண்டு வேலைகளுக்கு நடுவிலேயே முடித்துவிடலாம். பக் திருத்தத்தோடு ஃபார்மேட்டிங் மாற்றத்தைக் கலக்காதீர்கள். நடத்தையை மாற்றாத சீரமைப்பை முதல் கமிட்டாகவும், திருத்தத்தையும் அதற்கான டெஸ்ட்டையும் சேர்த்து இரண்டாவதாகவும் வையுங்கள். தோற்கும் டெஸ்ட்டைத் தனி கமிட்டாக முன்னால் வைத்தால், பின்னாளில் பைசெக்ட் செய்பவர் (பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுபவர்) அங்கே தடுக்கி விழுவார்.

யாரிடம் கேட்பது? அந்தக் கோப்பின் கமிட் வரலாற்றைத் திறந்து, கடந்த சில மாதங்களில் அதில் மெர்ஜ் செய்தவரைப் பிடியுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் இருக்கிறது. மொத்தக் குழுவையும் டேக் செய்தால், இன்னொருவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

எப்போது கேட்பது என்பதைத் திட்டத்தின் வழிகாட்டியே பெரும்பாலும் சொல்லிவிடும். கெர்னல் ஆவணம் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்திலும் வாரம் ஒரு நினைவூட்டல்தான் வழக்கம். ரிலீஸ் நாட்காட்டியையும் பாருங்கள். கெர்னலில் 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய மாற்றங்களை மையத்தில் சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ வரும். அப்போது நெட்வொர்க்கிங் பிரிவு புதிய அம்சங்களுக்கான பேட்ச்களை (மாற்றங்களை) ஏற்பதே இல்லை. வெறுமனே "பிங்" என்று எழுதாமல் ஒரு செய்தி சேருங்கள்: "மெயின் பிராஞ்ச்மீது ரீபேஸ் செய்துவிட்டேன், சோதனைகள் தேறின. கேஷை அழிக்கும் இடம் சரியா என்பது மட்டும்தான் என் கேள்வி." (ரீபேஸ் என்பது உங்கள் மாற்றத்தைப் புதிய மெயின் பிராஞ்ச்மேல் மறுபடி அடுக்குவது.) பதில் சொல்ல எளிதான கேள்விக்கே முதலில் பதில் வரும்.

உண்மையில் அதிக நாட்கள் வீணாவது முதல் ரிவ்யூவுக்குப் பிறகு. கருத்து வந்து பத்து நாள் கழித்துத் திருத்தினால், ரிவ்யூவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார். ஓரிரு நாளில் பதில் கொடுங்கள். கிட்ஹப்பில் ரிவ்யூ நடக்கும்போது கமிட்டுகளை ஒன்றாக்கி ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள் (அனுப்பிய வரலாற்றை அழித்து மாற்றி அனுப்பாதீர்கள்). கடைசியாகப் பார்த்ததிலிருந்து என்ன மாறியது என்பது அவருக்குத் தெரியாமல் போகும். திருத்தங்களைத் தனி கமிட்டாகச் சேர்த்து, மறு ரிவ்யூ கோரும் பொத்தானை மறக்காமல் அழுத்துங்கள். கெர்னலில் முறையே வேறு: பேட்ச்களின் முழுத் தொடரையும் மின்னஞ்சலில் இரண்டாம் பதிப்பாக அனுப்பி, அதிலுள்ள மூன்று கோடுகளுக்குக் (---) கீழே மாற்றங்களைப் பட்டியலிட வேண்டும்.

தயவுசெய்து நெருக்காதீர்கள். எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் கருவியை ஏறக்குறைய ஒருவரே பராமரித்துவந்தபோது, பேட்ச்கள் தாமதமாவதாகச் சில கணக்குகள் 2022-ல் விடாமல் குறைகூறின. அந்தச் சூழலில் பொறுப்புக்கு வந்த கணக்கு வழியாகத்தான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) நுழைந்தது. 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. சோர்ந்த மெயின்டெய்னரை அவசரப்படுத்துவது எல்லாருக்கும் ஆபத்து.

"ஸ்டேல்" (பழையதாகிவிட்டது) லேபிள் விழுந்தால் அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாட்களை எண்ணும் பாட் அது. குபெர்னெட்டீஸில் 90 நாள் அசைவில்லையென்றால் ஸ்டேல், மேலும் 30 நாளில் ராட்டன், அடுத்த 30 நாளில் மூடல். இடையில் ஒரு கமென்ட் கட்டளை போட்டு லேபிளை எடுத்துவிடலாம்.

உங்கள் வேலைக்கு அந்தத் திருத்தம் இப்போதே தேவையென்றால் மெர்ஜுக்காகக் காத்திருக்காதீர்கள். ஃபோர்க்கில் (திட்டத்தின் உங்கள் சொந்த நகலில்) ஒரு பிராஞ்ச்சில் பேட்ச்சை வைத்து, உங்கள் நிரல் சார்ந்திருக்கும் அந்த டிபென்டன்சியைக் குறிப்பிட்ட கமிட் ஹாஷோடு (கமிட்டின் அடையாள எண்ணோடு) பிணைத்துவிடுங்கள். பிராஞ்ச் பெயரோடு பிணைத்தால், அடுத்த ரீபேஸில் உங்கள் பில்ட் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும்.