சிறகில் ஒட்டிய பட்டாக்கள்

கேள்வி: ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் என் மகன் கொண்டுவந்த ரூபிள் நாணயத்தில் இரட்டைத் தலைக் கழுகு இருக்கிறது. ஒரு தலை ஐரோப்பாவையும் இன்னொன்று ஆசியாவையும் பார்க்கிறதாம். மூன்று கிரீடங்களும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியாம். ஜார் மன்னர்கள் எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தத்துவத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கழுகு முதலில் எதன்மேல் வந்து உட்கார்ந்தது என்று பாருங்கள். ஒரு நிலப் பத்திரத்தின்மேல்! 1497இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான், தம்பி மகன்கள் இருவரோடு நிலம் மாற்றிக்கொண்டு எழுதிக் கொடுத்த பத்திரம். அதில் தொங்கும் சிவப்பு மெழுகு முத்திரையில் ஒரு பக்கம் பாம்பைக் குத்தும் குதிரை வீரன், மறுபக்கம் கழுகு. தலைக்கு ஒன்றாக இரண்டே கிரீடங்கள். நகங்களில் செங்கோலும் இல்லை, சிலுவை வைத்த ராஜ உருண்டையும் இல்லை.

வோல்கா நதிக்கரையில் தாத்தார்கள் ஆண்ட கசானை ரஷ்யா தன்னோடு சேர்த்துக்கொண்டது 1552இல்தான். சைபீரியா அதற்கும் பிறகு. அப்படியிருக்க, 1497இல் எந்த ஆசிய ராஜ்யத்தை ஒரு தலை பார்த்துக்கொண்டிருந்தது? இவானின் மனைவி சோபியா, இரட்டைத் தலைக் கழுகைப் பயன்படுத்திய பைசாந்தியத்தின் (கிழக்கு ரோமப் பேரரசின்) கடைசிச் சக்கரவர்த்திக்குத் தம்பி மகள். கழுகு அவர் கொண்டுவந்த சீதனம் என்றும் சொல்வார்கள். கல்யாணம் நடந்ததோ 1472இல், முத்திரைக்கு 25 வருடம் முன்னால். 1480களின் கடைசியில் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் தூதர் மாஸ்கோவுக்கு வந்தார். அந்தச் சக்கரவர்த்திக்கும் இரட்டைத் தலைக் கழுகுதான் சின்னம். 'நானும் உனக்குச் சளைத்தவன் இல்லை' என்று காட்டவே இவான் அதை எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, மூன்று கிரீடங்கள்? மூன்றாவது கிரீடம் 1625இல் சேர்ந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. 1667இல் ஜார் அலெக்ஸேயே ஆணை போட்டுச் சொல்லிவிட்டார்: மூன்று கிரீடங்கள் என்றால் கசான், அஸ்திரகான், சைபீரியா ஆகிய மூன்று ராஜ்யங்கள். அத்தனையும் பிடித்த நாடுகள்.

19ஆம் நூற்றாண்டில் சிறகுகளிலும், ஆண்ட நாடுகளின் சின்னம் வரைந்த கேடயங்களை ஒட்ட ஆரம்பித்தார்கள். நூற்றாண்டின் கடைசியில் சிறகுக்கு நான்காக எட்டு: போலந்து, பின்லாந்து, ஜார்ஜியா, கிரீமியா என்று நீளும் சொத்துப் பட்டியல். அதில் சைபீரியாவின் கேடயத்தை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு சேபிள்கள் (விலையுயர்ந்த தோலுக்குப் பேர்போன, கீரி மாதிரியான சிறு விலங்கு) பின்னங்காலில் நின்று ஒரு கிரீடத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். அழகான படம்தான். ஆனால் சைபீரியாவின் பூர்வகுடிகள் ஜாருக்கு வரி கட்டியது இந்தச் சேபிளின் தோலில்! கட்டாதவர்களிடம் வசூலிக்க அவர்கள் ஆட்களையே பிணையாகப் பிடித்து வைத்தார்கள். அந்த வரிப் பொருளைத்தான் கேடயத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

போலந்துக் கேடயத்தைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். அதில் இருப்பதும் ஒரு கழுகுதான். சிவப்புப் பின்னணியில், கிரீடம் வைத்த வெள்ளைக் கழுகு. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டு, 1795இல் வரைபடத்திலிருந்தே அழித்த நாட்டின் சின்னம் அது. போலந்துக்காரர்கள் 1830இலும் 1863இலும் எழுந்தார்கள்; இரண்டு முறையும் நசுக்கப்பட்டார்கள். அவர்களுடைய கழுகை நசுக்கியவனின் கழுகு தன் சிறகில் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. இதையா ஆழமான தத்துவம் என்கிறீர்கள்?

1917இல் ஜார் ஆட்சி விழுந்ததும், இடைக்கால அரசு கழுகை வைத்துக்கொண்டு கிரீடங்களைக் கழற்றிவிட்டது. சோவியத் காலத்தில் காணாமல் போன கழுகு, 1993இல் அதிபர் எல்த்சின் ஆணைப்படி திரும்பி வந்தபோது சிறகுக் கேடயங்கள் வரவில்லை, கிரீடங்கள் வந்துவிட்டன. நாட்டின் இறையாண்மைக்கும் அதில் சேர்ந்த பகுதிகளின் இறையாண்மைக்கும் அவை அடையாளம் என்று இப்போது சொல்கிறார்கள். மகனின் நாணயத்தில் மூன்றையும் எண்ணிப் பாருங்கள். மன்னர் போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட குடியரசின் காசு அது.