வாசகர் கேள்வி–பதில்: சப்பியொனேத்தா, ஆரணி ஜாகீர் போன்றதா?

கேள்வி: இத்தாலியில் பணிபுரியும் என் மகன், மாந்தோவா நகருக்கு அருகிலுள்ள சப்பியொனேத்தா என்னும் சிற்றூருக்குச் சென்றுவந்து படங்கள் அனுப்பியிருந்தான். ‘இது ஒரு காலத்தில் தனி நாடு’ என்றும் எழுதியிருந்தான். இவ்வளவு சிறிய ஊர் எப்படி நாடாக இருக்க முடியும்? எங்கள் ஆரணி ஜாகீர் போன்ற ஒன்றா அது? — ஓர் ஆசிரியை, ஆரணி

பதில்: ஜாகீரோடு ஒப்பிட்டது இயல்பே. ஆனாலும் அந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். ஆரணிச் சீமையை சிவாஜியின் தந்தை ஷாஜி, வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவருக்கு ஜாகீராக, அதாவது வரி வாங்கி அனுபவிக்கும் உரிமையாக, அளித்தார். அவருடைய வழிவந்தவர்கள் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அதை அனுபவித்தார்கள். ஜாகீரின் உயிர்நாடி நிலவரி. சப்பியொனேத்தாவின் பிரபுவோ வரி வாங்கியதோடு நில்லாமல், சொந்த நாணயம் அச்சிட்டார், சட்டம் இயற்றினார், கோட்டை கட்டினார். அவருக்கு மேலே இருந்தவர், ஜெர்மானிய நாடுகளுக்கும் வட இத்தாலிக்கும் மேலாண்மை கொண்டிருந்த புனித ரோமப் பேரரசர் ஒருவர் மட்டுமே. பக்கத்தில் மாந்தோவாவை ஆண்ட கொன்சாகா பிரபுக்கள் அவருடைய பங்காளிகள். ஆயினும் அவர்களுக்குக் கூட அவர் கட்டுப்பட்டவரல்லர்.

ஆகவே நம் பக்கத்தில் ஒப்புமை தேடினால், ஆரணி ஜாகீர்தாரைவிட வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரே பொருத்தமானவர் என்பது என் கருத்து. அவரும் விஜயநகரப் பேரரசருக்கு அடங்கியவராக இருந்துகொண்டே தமக்கென்று கோட்டையும் சபையும் வைத்திருந்தவர். சைவ அறிஞர் அப்பைய தீட்சிதருக்குக் கனகாபிஷேகம் செய்தவர். அச்செய்தியைச் சொல்லும் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அடையபலத்தில் இருக்கிறது. அந்த ஆண்டில் சப்பியொனேத்தாவில் மதில் வேலையும் மாளிகை வேலையும் நடந்துகொண்டிருந்தன.

அவற்றைக் கட்டியவர் வெஸ்பாசியானோ கொன்சாகா. 1531இல் பிறந்த அவர் மறு ஆண்டே தந்தையை இழந்தார். அத்தை ஜூலியா கொன்சாகா நேப்பிள்ஸில் அவரை வளர்த்தார். பிறகு ஸ்பெயின் அரண்மனைக்குச் சென்று, மன்னர் இரண்டாம் பிலிப்பின் நம்பிக்கைக்கு உரியவராகி, நவார்ரா, வலென்சியா ஆகிய நாடுகளில் அவருடைய பிரதிநிதியாக ஆட்சி செய்தார். வெளியே சேவகம் செய்து ஈட்டிய செல்வாக்கைச் சொந்த ஊரில் கல்லும் சுண்ணாம்புமாக மாற்றினார் என்றே சொல்ல வேண்டும். போ, ஓல்யோ ஆகிய ஆறுகளுக்கு இடையிலான அந்தச் சமவெளியில், நட்சத்திர வடிவ மதிலும், நேர்க்கோட்டுத் தெருக்களும், தொண்ணூறு மீட்டருக்கும் மேல் நீளமான சிற்பக்கூடமும் கொண்ட ஒரு தலைநகரை 1556 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளில் எழுப்பினார். வின்சென்சோ ஸ்கமோத்ஸி வடிவமைத்த நாடக அரங்கு 1590இல் முடிந்தது. நாடகத்திற்கென்றே தனியாகக் கட்டப்பட்ட ஐரோப்பாவின் ஆரம்பகால அரங்குகளில் அது ஒன்று. ரோம் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதை அதன் இடிபாடே கற்பிக்கிறது என்னும் இலத்தீன் வாசகத்தை அரங்கின் வெளிச்சுவரில் பொறித்தார்கள். பேரரசர்களும் அவருடைய பட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி, 1577இல் இரண்டாம் ருடால்ஃப் காலத்தில் ‘டியூக்’ ஆக்கினார்கள்.

உங்கள் மகன் மறுபடியும் போனால், இன்கொரொனாத்தா தேவாலயத்தில் லியோனே லியோனி செய்த வெஸ்பாசியானோவின் வெண்கலச் சிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1988இல் அதைத் திறந்தபோது, மன்னர் பிலிப் அவருக்கு அளித்த ‘பொன் ஆட்டுத்தோல்’ விருதின் பதக்கம் உள்ளே கிடைத்தது.

கேள்வி: அந்தக் குடும்பத்தார் இன்றும் அங்கே இருக்கிறார்களா? — ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இல்லை. வெஸ்பாசியானோவின் ஒரே மகன் லூயிஜி 1580இல் சிறுவயதிலேயே இறந்துபோனான். சினத்தில் தந்தை உதைத்ததே காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. பிரபுக்களின் வீட்டுச் சாவுகளைச் சுற்றி இப்படிப் பேச்சு முளைப்பது எங்கும் உள்ளதுதான் என்பதால் நான் அதை நம்பிக்கொள்ள மாட்டேன். 1591இல் தந்தையும் இறந்தபோது எஞ்சியிருந்தவர், நேப்பிள்ஸ் பகுதிப் பிரபுவான லூயிஜி கராஃபாவை மணந்திருந்த மகள் இஸபெல்லா.

இங்கேதான் சீமையை அளித்த பேரரசரின் பட்டயம் குறுக்கே வந்தது. பெண் வழிக்கு இச்சீமை செல்லாது என்று கொன்சாகாப் பங்காளிகள் வழக்காடினார்கள். தலைநகர் இஸபெல்லாவிடம் தங்கியது. பொத்ஸோலோ முதலிய பக்கத்து ஊர்கள் பங்காளிகளிடம் போயின. ஏற்கெனவே உள்ளங்கையளவு இருந்த நாடு இப்படித் துண்டானது. உரிமையாளர்களோ தொலைவில் நேப்பிள்ஸில் இருந்தார்கள். தத்தெடுத்து வாரிசைக் காட்டும் வழக்கம் நம் ஜமீன்களில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே அந்த வழி இல்லை. பல கைகள் மாறி, குவாஸ்தாலாவை ஆண்ட கொன்சாகாக் கிளையிடம் வந்து, அக்கிளையும் 1746இல் வாரிசின்றி முடிந்தபின், சப்பியொனேத்தா ஆஸ்திரியர் ஆண்ட லொம்பார்தியோடு சேர்ந்தது. மாந்தோவாவுடன் இணைத்து அதை யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.